தைக் குளிரில் நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில்: கை விறைக்காமல் போய்ச் சேர வழி உண்டா?

தனிச்சக்கரம் (கோண்டாவில்) – ஜனவரி 2, இரவு 9.40

பொங்கல் முடிந்த கையோடு மச்சானும் நானும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நுவரெலியாவுக்குப் புறப்படுகிறோம். என்னுடையது 150 சி.சி. அவனுடையது அவனைவிட இரண்டு வயது மூத்த 125. முதல் நாள் ஏ9 வீதியால் கண்டி. மறுநாள் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மேலே ஏறுவது. மூன்றாம் நாள் விடியும்போது அம்பேவெல, பட்டிப்பொலப் பக்கம் போய், புல்லில் துகள் உறைபனி படிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

போன வருடமும் இதே திட்டத்தோடுதான் போனோம். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கண்டியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாலை நான்கரைக்குக் கிளம்பினோம். றம்பொடைக்கு மேலே இருட்டிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவுக்கு அப்பால் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று நிற்கிறது. கிளட்சைப் பிடி என்று மூளை சொல்கிறது, விரல்கள் கேட்கவில்லை. நான்கு விரலையும் கொக்கி போல மாட்டி முழங்கையோடு சேர்த்து இழுத்துத்தான் வண்டியை நிறுத்தினேன். லொறியின் பின்பலகைக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். அங்கேயே திரும்பிக் கம்பளையில் அறை எடுத்தோம்.

யாழ்ப்பாண நகரத்துக் கடை ஒன்றில் “அசல் தோல்” என்று சொல்லித் தந்த கையுறையைத்தான் அன்று போட்டிருந்தேன். மழையில் அதன் கறுப்பு என் கையில் ஏறியது. மறுநாள் தோல் தனி, துணி தனி.

20 பாகைக்குக் கீழே வாழ்ந்து பழக்கமில்லாத உடம்பு இது. எஞ்சினுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? ஒயில் மாற்ற வேண்டுமா? ரயரில் காற்று எவ்வளவு வைக்கலாம்? உடம்பில் எதைப் போடுவது? வெளிநாட்டில் இருப்பவர்களும் சொல்லுங்கள். காசு கேட்கவில்லை, யோசனைதான் கேட்கிறேன்.

பனங்காய்ப்பணியாரம் (கரவெட்டி) – ஜனவரி 2, இரவு 10.05

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நுவரெலியாப் பனி எதைத் துளைக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். மாலை நான்கரைக்குக் கண்டியிலிருந்து புறப்படச் சொன்ன மூளைக்கு எந்தக் கடையிலும் கையுறை கிடைக்காது.

மேப்பிள் மாமா (ஸ்காபறோ) – ஜனவரி 3, காலை 6.15

தம்பி, சாவகச்சேரியில் பிறந்து இங்கே 31 குளிர்காலம் கண்டவன் நான். நவம்பரில் வண்டியை மூடினால் ஏப்ரலில்தான் திறப்பேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். வீதி காய்ந்திருக்கும் ஒன்றிரண்டு டிசம்பர் நாள்கள் அந்தச் சத்தியத்தில் அடங்காது.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். வெப்பமானி காட்டும் குளிரும் ஓடுகிறவன் மேல் விழும் குளிரும் ஒன்றல்ல. காற்றுக் குளிர்ச் சுட்டெண் என்று இங்கே வானிலை அறிக்கையில் தினமும் சொல்வார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001 இல் திருத்திக் கொண்டுவந்த சூத்திரம் அது. அதன்படி 10 பாகைக் காற்றில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் மூடாத தோலுக்கு அது 5 பாகை. 5 பாகையில் போனால் மறை 2, அதாவது சுழியத்துக்கு 2 பாகை கீழே. சுழியத்தில் போனால் மறை 9. மறை 10 இல் 80 கிலோமீற்றரில் போகிற விசர் எனக்கும் ஒருமுறை பிடித்தது. அது மறை 24. நாடியில் தலைக்கவசப் பட்டி உரசிய இடத்தில் இரண்டு நாள் உணர்ச்சியே இல்லை.

ஆகவே சூடேறும் கைப்பிடி பூட்டுங்கள். பற்றரியில் இயங்கும் சூட்டு மேற்சட்டையும் வேண்டும். ஒயிலை, கடுங்குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ வகைக்கு மாற்றுங்கள். அந்தக் காற்றில் எஞ்சினும் மறை 9 க்குப் போய்விடும், ஒயில் கூழாகிவிடும்.

வெப்பமானி (வட்டுக்கோட்டை) – ஜனவரி 3, காலை 8.30

மாமா தந்த எண்கள் சரி. அவற்றைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பூட்டியதுதான் பிழை. முப்பது வருடம் இதே பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சூடான உடம்பிலிருந்து காற்று எவ்வளவு வேகமாக வெப்பத்தைப் பறிக்கிறது என்பதற்கான கணக்கு அந்தச் சுட்டெண். எதையும் அது வெளிக்காற்றைவிடக் குளிராக்காது. 5 பாகையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், விடிய விடியப் புயல் அடித்தாலும் 5 பாகையில்தான் நிற்கும். ஓடும்போதோ எஞ்சின் தன் சூட்டிலேயே இருக்கும். உமது 20டபிள்யூ ஒயில் மறை 15 பாகையிலும் எஞ்சினைச் சுற்றவிட வேண்டும் என்பதே அந்த 20டபிள்யூ என்ற தரத்தின் பொருள். நுவரெலியாவில் அதற்கு வேலையே இல்லை. காசை மிச்சம் பிடியும்.

ரயர்க் கதை இதைவிடச் சுவையானது. யாழ்ப்பாணத்தில் 30 பாகைப் பகலில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று அடிக்கிறீர் என்று வையும். மானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூட என்பதைத்தான். வெளிக்காற்றின் 14.7 ஐயும் சேர்த்தால் உள்ளே இருப்பது 44.7. விடியற்காலை 5 பாகையில் அது ஏறக்குறைய 41 ஆகும். வட்டுக்கோட்டையிலேயே அந்தக் குளிர் வந்தால் மானி 26 சொச்சம் காட்டும். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்று 11.7 அளவில்தான் அமுக்கும். 41 இல் அதைக் கழித்தால் 29 சொச்சம். குளிர் திருடியதை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கூடுதலாக அடித்துக்கொண்டு போகாதேயும். ஒரு மானியைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே விடிய அளந்து எனக்கு எழுதும்.

மேப்பிள் மாமா (ஸ்காபறோ) – ஜனவரி 3, இரவு 7.50

வாத்தியாருக்கு வணக்கம். ஒயிலை வாபஸ் பெறுகிறேன். கை விறைப்பதை வாபஸ் பெற மாட்டேன்.

ரயரில் காற்று மட்டும் அல்ல, ரப்பரும் இருக்கிறது. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் இறுகத் தொடங்கும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. புறப்பட்ட முதல் நாலைந்து கிலோமீற்றர் வண்டியைச் சரிக்காமல் ஓட்டுங்கள்.

வெப்பமானி (வட்டுக்கோட்டை) – ஜனவரி 3, இரவு 9.10

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு திருத்தம் எனக்கும் உண்டு. எதையும் குளிராக்காது என்றது காய்ந்த பொருளுக்கு. நனைந்த கையுறையில் நீர் ஆவியாகும்போது அது வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துதான் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தானே! போதாக்குறைக்கு நீர் காற்றைப் போல ஏறக்குறைய 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போன வருடம் தம்பியின் விரலை மடக்கியது குளிர் மட்டும் அல்ல, அந்தத் தூறலும்தான்.

பனங்காய்ப்பணியாரம் (கரவெட்டி) – ஜனவரி 3, இரவு 9.25

இத்தனை சூத்திரம் எதற்கு? கண்டியில் சாராயம் கால் போத்தல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டால் 0டபிள்யூவும் வேண்டாம் 20டபிள்யூவும் வேண்டாம். உள்ளே சூடு, வெளியே பனி.

இரவுக்கடமை (வவுனியா) – ஜனவரி 4, காலை 7.20

இரவுக் கடமை முடிந்து வந்து தேநீரோடு இதைப் படித்தேன். பணியாரம் அண்ணை, பகிடிக்குச் சொன்னீர்கள் என்று தெரியும். நம்பிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். குளிரில் உடம்பு தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளே பதுக்கும். மது அந்தக் குழாய்களை விரிக்கும். சூடாக இருப்பது போலத் தோன்றுவது உள்ளே இருந்த சூடு வெளியே ஓடுவதால்தான். நடுக்கத்தையும் அது மட்டுப்படுத்தும். நடுங்குவது உடம்பு தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கும் வழி.

தனிச்சக்கரம், உங்களுக்கு முதலில் விறைத்தது கை. ஆனால் அதற்குக் காரணம் நெஞ்சாகவும் இருந்திருக்கலாம். நடு உடம்பு குளிர்ந்தால் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் உடம்பு முதலில் குறைக்கும். நெஞ்சையும் கழுத்தையும் மூடாமல் எவ்வளவு நல்ல கையுறை போட்டாலும் பயன் குறைவு. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், கால் தடுமாறும், எடுக்கும் முடிவெல்லாம் கோணலாகும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது. “எனக்கு ஒன்றுமில்லை, போவோம்” என்பார். அதனால் நீங்கள் மச்சானைப் பாருங்கள், மச்சான் உங்களைப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு தரிப்பிலும் கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லையா, சாவியைப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள். விறைத்த கையை அக்குளுக்குள் வையுங்கள். வெறுங்கையைச் சைலன்சரில் வைத்துச் சூடுகாட்டாதீர்கள். விறைத்த தோல் சுடுவதை உணராது, வெந்துவிடும்.

நானும் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். இரவு இரண்டு மணிக்கு வவுனியா வாடையே போதும் எனக்கு.

லயத்து விடியல் (நானுஓயா) – ஜனவரி 4, மாலை 6.40

இரண்டு நாளாக எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஸ்காபறோவும் வட்டுக்கோட்டையும் பேசுகின்றன. இங்கே இருப்பவனும் ஒரு வார்த்தை சொல்லலாமா? தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பன்னிரண்டு கிலோமீற்றர், ஆறு வருடமாக மோட்டார் சைக்கிளில்தான்.

துகள் உறைபனி எல்லா நாளும் விழாது. ஜனவரி, பெப்ரவரியில் முகில் இல்லாமல், காற்றும் அடங்கி, வானத்தில் வெள்ளி எல்லாம் தெரிகிற இரவுக்கு அடுத்த விடியலில்தான் விழும். வெப்பமானியில் 3, 4 பாகை இருக்கும்போதே புல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கும். புல்லும் இலையும் தங்கள் சூட்டை வெறும் வானத்துக்குப் பறிகொடுத்து, மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. தார் பகலில் குடித்த வெயிலை வைத்திருப்பதால் வீதியில் நான் பனிக்கட்டி கண்டதில்லை. அதற்காகத் துணிந்துவிடாதீர்கள். சைப்பிரஸ் மரங்களின் நிழல் விழும் வளைவுகள் காலை பத்து மணி வரை நனைந்தே கிடக்கும். ஓரமெல்லாம் பாசி. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு றம்பொடைப் பக்கம் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவரின் பின்விளக்கு மட்டுமே தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. கண்டியிலிருந்து காலை எட்டுக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் மேலே வந்துவிடுங்கள். குளிரில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. விடிகாலையில் அந்த வீதியில் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். பிரட்டுக்களத்துக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகிற அம்மாமார் தலையில் சாக்கும் இடுப்பில் படங்குமாக, இருட்டு உடையில், மூடுபனிக்குள் வீதியைக் கடப்பார்கள். உறைபனி விழுந்த மலையில் அடுத்த நாள் கொழுந்து கருகியிருக்கும், அவர்களுக்கு எடை குறையும். “இன்று விழுந்ததா?” என்று முகம் மலர்ந்து கேட்காதீர்கள்.

தனிச்சக்கரம் (கோண்டாவில்) – ஜனவரி 4, இரவு 8.00

அண்ணா, அந்தக் கடைசி வரி சுட்டது. நன்றி. நானுஓயாப் பக்கம் வரும்போது உங்களுக்கு என்ன கொண்டுவர?

லயத்து விடியல் (நானுஓயா) – ஜனவரி 4, இரவு 8.12

தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவரிடம் கேட்க வேண்டுமா? பனங்கிழங்கு.

பத்தாம் நம்பர் சாவி (கொக்குவில்) – ஜனவரி 5, மதியம் 1.30

கராச்சில் சாப்பாட்டு நேரம், சுருக்கமாக எழுதுகிறேன் என்று தொடங்குகிறேன், பார்ப்போம்.

குளிரில் எஞ்சின் ஏன் பிடிக்காது? பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினில் அது சரியாக ஆவியாகாது. இதை நான் படித்தது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், இதே யாழ்ப்பாண வெயிலில். பெற்றோல் இல்லை. தாங்கிக்குள் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் சூடாகாத பச்சை எஞ்சினில் ஆவியாகாது. அதற்காக ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பொன்னைப் போல ஒரு சிறு போத்தல் பெற்றோல். நாலு சொட்டு காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் ஹொண்டா சி 90 உயிர் பிடிக்கும். அந்த நாலு சொட்டு எரிந்து முடிவதற்குள் எஞ்சின் சூடாகிவிட்டால் மண்ணெண்ணெயிலேயே ஓடும், வீதியெல்லாம் புகை. பாதி வழியில் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் போத்தல். கனடாக்காரருக்குச் சுழியத்தில் வரும் பிரச்சினை எங்களுக்கு 32 பாகையில் வந்தது. எரிபொருளுக்கு எது குளிர் என்பதுதான் கணக்கு.

இப்போது உங்கள் இரண்டு வண்டிக்கும் வருவோம். காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்து உதைக்க வேண்டும். பிடித்து ஒரு நிமிடத்தில் திருப்பித் தள்ளிவிட வேண்டும். மலையில் காற்று ஐதாக இருப்பதால் காபரேற்றர் ஏற்கனவே பெற்றோலைக் கூட்டித்தான் கொடுக்கும். அதற்கு மேல் சோக்கையும் இழுத்தபடி ஓட்டினால் பிளக் கரியாகி நின்றுவிடும். 125 க்காரரிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். கையோடு ஒரு புதுப் பிளக்கும் பிளக் சாவியும் இருக்கட்டும். இழுவையும் அங்கே குறையும், வண்டிக்கு வருத்தம் என்று பயந்துவிடாதீர்கள். பற்றரி பழையது என்றால் புறப்பட முன்பே மாற்றுங்கள். குளிர் வந்தால் பற்றரியின் பலம் குறைந்துபோகும், சுழியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சூடேறும் கைப்பிடிக்கு 30, 40 வாற்று வேண்டும். பழைய 125 இன் மின்சாரம் அதன் முன்விளக்குக்கே பற்றாது. அந்தப் பேச்சை விடுங்கள்.

மொட்டை ரயர் (ஸ்ருட்காட்) – ஜனவரி 5, இரவு 11.45

சாவி அண்ணை சொன்னதை இங்கே எண்ணெய் நிறுவனங்களே செய்கின்றன. குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகும்படி கலந்த பெற்றோலைத்தான் விற்பார்கள்.

இந்த நாட்டில் குளிர்கால ஓட்டத்தை இலக்கத் தகட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பருவகால இலக்கத் தகடு என்று ஒன்று உண்டு. 03, 10 என்று ஓரத்தில் பொறித்திருந்தால் மார்ச்சிலிருந்து ஒக்டோபர் வரைதான் வண்டி வீதிக்கு வரலாம். மற்ற மாதங்களில் பொது வீதியில் நிறுத்தி வைப்பதும் குற்றம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

அது போதாதவர்கள் ஜனவரியும் பெப்ரவரியும் சந்திக்கும் வேளையில் பவேரியக் காட்டில் ஸொல்லா என்ற ஊரில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் பெயரே “யானைகளின் சந்திப்பு”. 1956 இல் எங்கள் ஸ்ருட்காட்டுக்குப் பக்கத்தில் ஸொலிற்றூட் பந்தயப் பாதையில் தொடங்கியது. சுண்டாப் கே.எஸ். 601 என்ற பக்கப்பெட்டி பூட்டிய வண்டிக்குப் பச்சை யானை என்று பட்டப்பெயர், அதை ஓட்டியவர்கள் கூடியதால் அந்தப் பெயர். இன்றைக்கும் உறைபனிக்குள் கூடாரம் அடித்து, வைக்கோல் பரப்பித் தூங்குகிறார்கள். நான் ஒரு முறை போனேன், காரில். அங்கே கற்றது ஒன்று: பக்கப்பெட்டி பூட்டுவது அழகுக்கு அல்ல. மூன்று சக்கரம் இருந்தால் பனிக்கட்டியில் வழுக்கும், விழாது. இரண்டு சக்கரத்தில் பனிக்கட்டிக்கு மருந்து இல்லை. வீதி பளபளத்தால் வீட்டில் இருக்க வேண்டும்.

விலையில்லாத யோசனை ஒன்று. பத்திரிகைத் தாள். சட்டைக்கும் ஜக்கெற்றுக்கும் இடையில் நெஞ்சில் நாலு மடிப்பு. காற்று உள்ளே வராது. காலுறைக்கு மேல் பொலித்தீன் பை, அதற்கு மேல் சப்பாத்து.

வீதியில் கொட்டும் உப்புத்தான் எங்கள் வண்டிகளுக்கு எமன். செயின் ஒரே குளிர்காலத்தில் துருப்பிடித்துச் சிவந்துவிடும்.

பனங்காய்ப்பணியாரம் (கரவெட்டி) – ஜனவரி 6, காலை 7.00

யானை, உப்பு, மோட்டார் சைக்கிள். ஜேர்மனிக்காரர் எங்கள் ஆனையிறவு உப்பளத்தையே அங்கே கொண்டுபோய்விட்டார்! அந்த உப்புக்காற்றில் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வருகிற என் செயினையும் ஒருமுறை வந்து பாருங்கள்.

தனிச்சக்கரம் (கோண்டாவில்) – ஜனவரி 21, இரவு 9.15

போய் வந்துவிட்டோம். அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு, தம்புள்ளை, மாத்தளை தாண்டி மாலை மங்க முன் கண்டி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மதவாச்சி வெயில்தான்.

மறுநாள் விடியல் அண்ணா சொன்னபடி காலை எட்டுக்குக் கிளம்பினோம். நெஞ்சில் “உதயன்”, இரண்டு நாள் தாள்கள். மச்சான் “வலம்புரி” வைத்திருந்தான், அதிலும் போட்டி. புதுக் கையுறை வாங்கக் காசு பற்றவில்லை. நல்ல கம்பளிக் கையுறை, அதற்கு மேல் பாத்திரம் கழுவுகிற பெரிய ரப்பர்க் கையுறை. புசல்லாவையில் பிளேன்ரீ குடிக்கும்போது கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலுக்கு வந்தவன் என்று நினைத்திருப்பார். தரிப்புத் தரிப்பாகப் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டோம். பதினொன்றேமுக்காலுக்கு நுவரெலியா. போன வருடம் திரும்பிய வளைவில் நின்று ஒரு படம் எடுத்தேன். லொறி நின்ற இடத்தில் அன்று ஒரு மாடு நின்றது.

மூன்றாம் நாள்தான் பாடம். ஐந்து மணிக்கு எழுந்தால் வெள்ளி கொட்டிக் கிடக்கிறது. அறை வாசலில் தொங்கிய வெப்பமானியில் 5. வாத்தியார் ஐயா, முதலில் உங்கள் வேலை. முன் ரயரில் மானி 29 காட்டியது. இரண்டு தடவை அளந்தேன். மச்சானின் வண்டியில் 28. அவன் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு அடித்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

என் வண்டி இரண்டாம் முறையில் பிடித்தது. 125 பன்னிரண்டாம் உதையில் பிடித்தது. குளிரில் மறுபடியும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவன் சோக்கைத் தள்ளவே இல்லை. சாவி அண்ணை, நான் இரண்டு முறை சொன்னேன், மூன்று முறை சொல்லியிருக்க வேண்டும். நாலாவது கிலோமீற்றரில் இருமி, புகை விட்டு, நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் சட்டிக்கரி. புதுப் பிளக் பையில் இருந்தது. கையுறையோடு அதைத் திருக முடியாது. கழற்றினேன். மூன்று நிமிட வேலைக்கு இருபது நிமிடம் போனது. பிளக் இரண்டு முறை புல்லுக்குள் விழுந்தது. தேடக் குனிந்தபோதுதான் கவனித்தேன், புல் வெள்ளையாக இருந்தது. தேடிப் போன உறைபனியை முழங்காலில் நின்று பார்த்தேன். சீனியைத் தூவியது போல என்று எழுத வந்தேன், இல்லை. உப்பளத்தின் ஓரத்தில் காய்ந்து படிந்திருக்குமே, அப்படி.

அப்போது எனக்குப் பெருவிரல் சுண்டுவிரலை எட்டவில்லை. அரை விரல் இடைவெளி. மச்சான் “எனக்கு ஒன்றுமில்லை, போவோம்” என்றான். இரவுக்கடமைத் தங்கச்சி எழுதிய அதே சொற்கள். அவனையும் தொட்டுக் காட்டச் சொன்னேன், அவனுக்கும் எட்டவில்லை. அக்குளுக்குள் கையை வைத்துக்கொண்டு வீதியோரம் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாக்குப் போர்த்திய அம்மா ஒருவர் பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. பட்டிப்பொல வரை போகவில்லை. திரும்பிவிட்டோம்.

யாரும் சொல்லாதவை இரண்டு. ஒன்று முழங்கால். தாங்கியைத் தாண்டி வரும் காற்று முழுவதும் முழங்காலில்தான் விழுகிறது. அங்கேயும் ஒரு பத்திரிகை வேண்டும். இரண்டு, மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு மூச்சுப் படிவது இரண்டு கண்ணாடிகளில். முகக்கண்ணாடியை ஒரு விரல் திறந்து வைத்தால் படியாது, கண்ணீர் வரும். எதை விரும்புகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். இறங்கும்போது நெஞ்சிலிருந்த தாளை எடுக்க மறந்துவிட்டேன். தம்புள்ளையில் கழற்றினால் வியர்வையில் ஊறிக் கூழாகி, மரண அறிவித்தல் பக்கத்தின் மை என் பனியனில் தலைகீழாகப் பதிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பேசவே இல்லை.

இரவுக்கடமை (வவுனியா) – ஜனவரி 21, இரவு 9.50

திரும்பினீர்களே, அது போதும். விரல் நுனிகளில் இப்போது கூச்சமோ நிறமாற்றமோ இருக்கிறதா?

தனிச்சக்கரம் (கோண்டாவில்) – ஜனவரி 21, இரவு 9.58

அன்று மட்டும் முள் குத்துவது போல இருந்தது. இப்போது இல்லை. மச்சானுக்கும் இல்லை.

பத்தாம் நம்பர் சாவி (கொக்குவில்) – ஜனவரி 22, மதியம் 1.10

அந்தக் கரிப் பிளக்கை எறிந்துவிடாதீர்கள். கொண்டுவாருங்கள், கராச்சில் ஆணியில் மாட்டி வைக்கிறேன். பழகுகிற பொடியன்களுக்குக் காட்ட வேண்டும்.

மேப்பிள் மாமா (ஸ்காபறோ) – ஜனவரி 22, மாலை 5.30

ரப்பர்க் கையுறையா! 31 வருடம் எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு மனைவியின் ஜோடியை எடுத்துப் பார்க்கிறேன். கேட்டால் இந்த இழையைக் காட்டுவேன்.

லயத்து விடியல் (நானுஓயா) – ஜனவரி 22, இரவு 7.45

கிழங்கு வந்து சேர்ந்தது. ஐம்பது என்று எண்ணிக் கட்டியிருந்தீர்கள், ஐம்பத்திரண்டு இருந்தது. வீட்டில் அரை மணி நேரம் அவித்தோம், உள்ளே இன்னும் கடினமாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எவ்வளவு நேரம் அவிப்பீர்கள்?

வெப்பமானி (வட்டுக்கோட்டை) – ஜனவரி 22, இரவு 7.52

தம்பி, உமது உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எங்கள் நேரக் கணக்கு அங்கே பலிக்காது. பிரஷர் குக்கர் இருக்கிறதா?